அவசரப்படாத கை

டெல்மர் வீட்டுத் துப்பாக்கிகளை ஹோபர்ட் பட்டப்பகலில்தான் எடுத்துக்கொண்டு வந்தான். ஆனாலும் ஓடைக்கரையில் இருக்கிற பதினாலு வீட்டில் ஒரு வீட்டுக்கும் விஷயம் தெரியாது. கென்டக்கி மலைக்குள் ஒருத்தன் வீட்டுத் துப்பாக்கியை இன்னொருத்தன் சுமந்துகொண்டு போனால் சும்மா விடமாட்டார்கள். விற்றுவிட்டானா, இல்லை மண்டை கழன்றுவிட்டதா என்று சாயந்திரத்துக்குள் பெட்ரோல் பங்க் வரைக்கும் பேச்சு போய்விடும். அதனால் ஹோபர்ட் தன்னுடைய பேஸ் வாத்தியத்தின் உறையை மட்டும் பிக்கப் வண்டியில் போட்டுக்கொண்டு போனான். பேஸ் என்பது ஆளைவிட உயரமாக நிற்கிற வயலின். அதன் உறைக்குள் ஒரு குடும்பத்தையே ஒளித்து வைக்கலாம். இரண்டு ரைஃபிள், ஒரு இரட்டைக்குழல், ஒரு கைத்துப்பாக்கி எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. பார்த்தவர்கள், மச்சான்கள் ரெண்டு பேரும் ஒத்திகை முடித்துவிட்டார்கள் போல என்று கையாட்டினார்கள்.

டெல்மரே கூட நின்று அடுக்கிக் கொடுத்தான். அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. வலது கை வெடவெடவென்று நடுங்க, ஒவ்வொன்றையும் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று காட்டி, பழைய போர்வைத் துண்டில் சுற்றிக் கொடுத்தான்.

"கழுத்துப் பக்கமா வைடா மச்சான். அடியில வெச்சா ஒண்ணோட ஒண்ணு இடிக்கும்."

"எனக்குத் தெரியும்டா."

"உனக்கு என்ன தெரியும்? முப்பத்தோரு வருஷமா இந்த மூட்டையைத் தூக்கிட்டு அலையற. இன்னைக்குத்தான் இதுக்குள்ள சத்தம் போடற சாமான் இருக்கு."

ஹோபர்ட் சிரித்து வைத்தான். வேறென்ன செய்வது? டெல்மர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். வெட்கப்படுகிற நேரத்தில் அவன் அப்படித்தான். கடைசியாகத் தான் மீட்டுகிற பேஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தின் பெட்டியைத் திறந்து, விரலில் மாட்டிக்கொள்கிற தகர நகங்களை வைக்கும் சின்ன அறையிலிருந்து கைத்துப்பாக்கியை எடுத்து நீட்டியபோது மட்டும் பேச்சு நின்றது. வெளியூர்க் கச்சேரிக்குப் போய்வரும்போது துணைக்கு என்று இருபது வருஷமாக அது அந்த நகங்களோடுதான் கிடந்தது.

ரீத்தா அடுப்படி வாசலில் மாவுக்கையோடு நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் ஹோபர்ட்டின் தங்கை. பள்ளிக்கூட உணவகத்தில் சமையல் வேலை. டெல்மரைக் கட்டிக்கொண்டு முப்பத்தாறு வருஷம் ஆகிறது. வண்டி வரைக்கும் கூடவே வந்தாள்.

"அண்ணே, அவரு கேப்பாரு. இன்னைக்கு இல்லாட்டி இன்னொரு நாள் கேப்பாரு. என்ன சொல்லிக் கேட்டாலும் சரி, குடுக்கறதுக்கு முன்னால எனக்கு ஒரு போன் பண்ணு. நான் பள்ளிக்கூடத்துல இருந்தாலும் சரி, சர்ச்சுல முழங்கால் போட்டுக்கிட்டு இருந்தாலும் சரி."

"பண்றேன்."

"தலையை ஆட்டாத. சொல்லு."

"அம்மா மேல சத்தியமா பண்றேன், போதுமா?"

போதும் என்றுதான் அவளும் நினைத்தாள்.

டெல்மருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது அந்த வருஷம் வசந்தத்தில். முதலில் காப்பிக் கோப்பை தளும்பியது. அப்புறம் சட்டைப் பொத்தான் சண்டித்தனம் பண்ணியது. அதையெல்லாம் அவன் கேலி பேசியே சமாளித்துவிட்டான். ஆனால் பேஞ்சோ கேலிக்கு மசியாத வாத்தியம். வலது கையின் மூன்று விரலும் மாறி மாறி ஓடிக்கொண்டே இருக்கவேண்டும்; ஒரு விரல் தடுக்கினால் மற்ற இரண்டும் அதன் மேல் போய் விழும். ஜூலை மாதத் திருவிழா மேடையில் அப்படித்தான் விழுந்தன. டெல்மர் பேஞ்சோவைத் தரையில் படுக்கவைத்துவிட்டு, சிரித்தபடி ஜனங்களுக்குத் தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டு, மேடையைவிட்டு இறங்கிப் போனான். இடைவேளை என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிற வேலையையும் ஆகஸ்டில் விட்டுவிட்டான்.

செப்டம்பரில் ஒரு மத்தியானம் ரீத்தா வீட்டுக்கு வந்தபோது அவன் பின்கட்டுக் கொட்டகையில், அவன் அப்பாவின் ரைஃபிளை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். துடைக்கிறேன் என்றான். பக்கத்தில் எண்ணெயும் இல்லை, துணியும் இல்லை. மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் இரண்டு விதமான மாத்திரை எழுதினார். எழுதிவிட்டு, வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டால், வீட்டில் கரண்டி இருக்கிறதா என்று கேட்டதுபோல முறைப்பார்கள். டெல்மர் முறைக்கவில்லை. "எம் மச்சான்கிட்ட குடுத்து வெக்கறேன்," என்று அவனாகவே சொன்னான். அதைக் கேட்டபோதுதான் ரீத்தாவுக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

துப்பாக்கி விஷயத்தில் அவர்கள் வாசித்த பாட்டுக்குழுவில் நாலு பேருக்கு நாலு நியாயம். கிட்டார் வாசிக்கிற பாஸ்டர் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுக்குள்ளேயே ஒன்று வைத்திருப்பார். கர்த்தர்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை, மனுஷன்மேல்தான் இல்லை என்பார். ஹோபர்ட்டுக்கு அது கோடாலி மாதிரி ஒரு கருவி. வேலை முடிந்தால் துடைத்து இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டவேண்டும், காலியாக இருந்தாலும் நிரப்பியிருக்கிறது என்றே நினைக்கவேண்டும், அவ்வளவுதான். டெல்மர் எதையும் பூட்டமாட்டான். கதவுக்குப் பின்னால் ஒன்று, கட்டில் பக்கத்தில் ஒன்று, மழைக்கோட்டு மாதிரி தொங்கும். ஃபிடில் வாசிக்கிற லெட்டி லெக்சிங்டன் டவுன்காரி, முப்பத்துநாலு வயசு. துப்பாக்கியே பிடிக்காது என்பாள். ஆனால் கச்சேரி முடிந்து தனியாக இரண்டு மணிநேரம் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவள் என்பதால் சீட்டுக்கு அடியில் பெட்டிக்குள் ஒன்று வைத்திருந்தாள். அந்தப் பெட்டிக்கு எண் பூட்டு. தோட்டா வேறொரு பெட்டியில்.

அதைச் சொல்லிச் சொல்லி டெல்மர் அவளை வாட்டுவான்.

"நீ ரெண்டு பெட்டியும் திறந்து முடிக்கறதுக்குள்ள திருடன் கல்யாணம் பண்ணிப் பிள்ளையே பெத்துடுவான் லெட்டி."

"பெத்துக்கட்டும். பேரு வைக்க உங்களைத்தான் கூப்பிடுவேன், பெருசு. உங்க வீட்ல கதவுக்குப் பின்னால நிக்குதே, அது இதுவரைக்கும் எத்தனை திருடனைப் பார்த்திருக்கு?"

"ஒருத்தனையும் பார்த்ததில்ல. அது நிக்கறதாலதான் ஒருத்தனும் வரல."

"திருடனைப் பார்க்கல. தினமும் உங்க மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கு."

இப்படிப் பேசிச் சிரித்தவர்கள்தான். வண்டிக்குள் நிரப்பிய துப்பாக்கி கூடாது, மேடைக்குப் பின்னால் கண்டிப்பாகக் கூடாது என்று லெட்டி வந்த பிறகு ஒரு சட்டமும் போட்டுக்கொண்டார்கள். அதை டெல்மர் முணுமுணுத்துக்கொண்டே மீறுவான்.

ஆனால் அந்த நாலு பேரும் ஒன்றுபோல நம்பிய விஷயம் ஒன்று உண்டு. வாய் என்ன வேண்டுமானாலும் சொல்லும், வாசிக்கிற கை பொய் சொல்லாது என்பது. டெல்மர் காலையில் ரீத்தாவோடு சண்டை போட்டிருந்தால் முதல் பாட்டின் நாலாவது அடிக்குள் ஹோபர்ட்டுக்குத் தெரிந்துவிடும். லெட்டிக்குக் காய்ச்சல் வரப்போகிறது என்று அவளுக்கு முன்னால் பாஸ்டர் சொன்னதுண்டு. அதிலும் ஹோபர்ட்டுக்கு டெல்மரின் கை அத்துபடி. பேஸ் வாசிப்பவன் தாளத்தைக் கட்டிக் காப்பவன். பேஞ்சோக்காரன் அதை அறுத்துக்கொண்டு ஓடுபவன். டெல்மர் ஜென்மத்தில் ஒரு பாட்டைக்கூட ஆரம்பித்த வேகத்தில் முடித்ததில்லை. அவசரக்குடுக்கை. சந்தோஷம் வந்தாலும் ஓடுவான், கோபம் வந்தாலும் ஓடுவான். முப்பத்தோரு வருஷமும் ஹோபர்ட்டின் வேலை அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுப்பதுதான்.

நவம்பர் மாதம் இரண்டாவது வியாழக்கிழமை மத்தியானம் டெல்மர் தானாகவே பேஞ்சோவைத் தூக்கிக்கொண்டு ஒத்திகைக்கு வந்தான். ஹோபர்ட் வீட்டு வண்டிக்கொட்டகையில்தான் ஒத்திகை. பாஸ்டருக்கு ஒரு சாவு வீடு, அவர் வரவில்லை. லெட்டி ஃபிடிலுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தவள், அவனைப் பார்த்ததும் எழுந்துபோய்க் கட்டிக்கொண்டாள்.

"மாத்திரை வேலை செய்யுது," என்றான் டெல்மர். கையை நீட்டிக் காட்டினான். கொஞ்சம் நடுங்கியது, ஆனால் முன்னைப்போல் இல்லை. "ரீத்தா சோள ரொட்டி குடுத்துவிட்டிருக்கா. முதல்ல வாசிப்போம், அப்புறம் தின்போம். தின்னுட்டா உங்க ரெண்டு பேருக்கும் தூக்கம் வந்துடும்."

வாசித்தார்கள். அன்றைக்கு அவன் வாசித்ததைப்பற்றி இப்போதுகூட லெட்டி பேசமாட்டாள். வேகம் குறைவுதான். ஆனால் ஒவ்வொரு சுரமும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஹோபர்ட் வழக்கம்போல இழுத்துப்பிடிக்கத் தயாராகக் காத்திருந்தான். இழுக்க வேண்டியே வரவில்லை. ஐந்து பாட்டு வாசித்தார்கள், ஐந்திலும் டெல்மர் ஒரு இடத்தில்கூட ஓடவில்லை. ஹோபர்ட் போட்ட தாளத்தின்மேலேயே நிதானமாக நடந்து வந்தான். ஹோபர்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. அறுபத்தோரு வயசில் ஆம்பிளை அழுவதா என்று பேஸின் கழுத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

"பெருசு, இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க? ஓடவே இல்ல," என்றாள் லெட்டி.

"எங்க ஓடறது? இதே ஊருதானே," என்றான் டெல்மர்.

மூன்று பேரும் சிரித்தார்கள். ரொட்டியைத் தின்றார்கள். அதற்குப் பிறகுதான் டெல்மர் கேட்டான்.

"மச்சான், சனிக்கிழமை மான் சீசன் திறக்குது. எல்லாம் வேணாம். எங்கப்பாவோட ரைஃபிளை மட்டும் குடு. விடிகாலையில நீயே வந்து என்னை ஏத்திக்கோ. மேட்டுத் தோட்டத்துக்குப் போவோம்."

ஹோபர்ட் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். எடுத்தான் என்பதை எழுதித்தான் ஆகவேண்டும்.

"பண்ணு," என்றான் டெல்மர், சிரித்துக்கொண்டே. "மூணாம் கிளாஸ் பையன் மாதிரி பொண்டாட்டிகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வர்றேன். ஊரே சிரிக்கட்டும். நாப்பது வருஷமா உங்கூட அந்தத் தோட்டத்துக்கு வர்றேன், இந்த ஒரு வருஷம் நான் பிஸ்கட் பொட்டலத்தைத் தூக்கிட்டு உம் பின்னாலயே வர்றேன்."

"ரீத்தாக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்," என்றாள் லெட்டி. ஃபிடிலைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்.

"நீ சும்மா இரு லெட்டி. உனக்கு மான் வேட்டையைப் பத்தி என்ன தெரியும்?" என்றான் ஹோபர்ட். அவள்மேல் அவன் எரிந்து விழுந்தது அதுதான் முதல் தடவை. "அவன் வாசிச்சதைக் கேட்டியா இல்லையா? காது இருக்கில்ல?"

லெட்டி பெட்டியின் மூடியைச் சாத்தினாள். அவளும்தான் கேட்டிருந்தாள். கை பொய் சொல்லாது என்று அவளும்தான் நம்பினாள்.

ஹோபர்ட் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். உள்ளே போய், அலமாரியைத் திறந்து, ரைஃபிளைக் கொண்டுவந்து மச்சான் கையில் கொடுத்தான். தோட்டா கொடுக்கவில்லை, அதை சனிக்கிழமை கொண்டுவருகிறேன் என்றான். அந்த ஒரு சாமர்த்தியத்தை நினைத்து அன்றைக்கு அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் பக்கத்தில் எந்தக் கடையில் தோட்டா கிடைக்காது?

டெல்மர் போகும்போது அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். ஹோபர்ட் வேட்டைக்குப் போடுகிற ஆரஞ்சு நிறச் சட்டைகள் இரண்டையும் கொடியில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ரீத்தா.

"அண்ணே, அந்த ரைஃபிளை நீயா குடுத்த?"

அவள் குரலில் அழுகை இல்லை. அதுவே அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அவன் கையிலிருந்த சட்டையை மடிக்க ஆரம்பித்தான்.

"சொல்லு. நீயா குடுத்த?"

"ஆமா."

அவள் போனை வைத்துவிட்டாள்.

டெல்மரின் அடக்கத்துக்குச் சர்ச்சில் இடம் போதாமல் ஜனங்கள் வெளியில் நின்றார்கள். நாலு மாவட்டத்திலிருந்து வாத்தியக்காரர்கள் வந்திருந்தார்கள். பாஸ்டர் பேசும்போது இரண்டு தடவை நிறுத்தித் தண்ணீர் குடித்தார். லெட்டி ஃபிடில் வாசித்தாள். பேஸ் வாசிக்க வேறு யாரோ வந்தார்கள். ஹோபர்ட் கடைசி வரிசையில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். ரீத்தா முன்வரிசையில் இருந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

வெளியில் ஆம்பிளைகள் புகைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு எதையாவது சொல்லித்தான் தீரவேண்டும்.

"அது இல்லாட்டி இன்னொண்ணு," என்றான் மரம் அறுக்கிற மில்லில் வேலை செய்கிற ஒருத்தன். "மனசுல முடிவு பண்ணிட்டவனை யாராலயும் தடுக்க முடியாது ஹோபர்ட். உன்மேல ஒரு தப்பும் இல்ல. துப்பாக்கிமேலயும் இல்ல."

நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆறுதல் என்று நினைத்துச் சொன்னதுதான். ஹோபர்ட்டுக்கு அவன் கழுத்தைப் பிடிக்கவேண்டும்போல இருந்தது.

"தடுக்க முடிஞ்சுது," என்றான். "அறுபத்தாறு நாள் தடுத்தோம். சாப்பிட்டான், தூங்கினான், மாத்திரை போட்டான், அந்தக் கையோட அறுபத்தாறு நாள் உயிரோட இருந்தான். நான் குடுத்தேன். மறுநாள் இல்ல."

ஒருத்தன் சிகரெட்டைக் காலால் நசுக்கினான். அப்புறம் எல்லோரும் உணவு மேஜையைப் பார்த்துப் போய்விட்டார்கள்.

ஹோபர்ட் தனி ஆள். பெண்டாட்டி மகளோடு இந்தியானாவுக்குப் போய்ப் பல வருஷமாகிறது. மின்சாரக் கம்பத்தில் ஏறுகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டான். ரீத்தாவைப் பார்க்க மூன்று தடவை போனான். மூன்று தடவையும் கதவு திறக்கவில்லை. உள்ளே ரேடியோ ஓடுவது கேட்டது. நாலாவது தடவை போகவில்லை. அண்டை வீட்டார் கொண்டுவந்து வைத்த பாத்திரங்களில் பீன்ஸும் கோழியும் மூடியபடியே கெட்டுப்போயின. வீட்டுக்குள் உட்கார்ந்து அந்த ஐந்து பாட்டையும் மனசுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டான். எங்கே தப்பவிட்டோம்? ஒரு சுரமும் பிசகவில்லை. அதுதான் சங்கதி என்று இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் பல் தேய்க்கும்போது அவனுக்கு உறைத்தது. டெல்மர் ஆயுசில் ஓடாத நாள் அது ஒன்றுதான். போகவேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டவன் எதற்கு ஓடுவான்? கை பொய் சொல்லவில்லை. அது உள்ளதைத்தான் சொன்னது. இவன்தான் தனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டான். அன்றைக்கு அவன் முகம் கழுவுகிற தொட்டியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

அதற்கப்புறம் அவனுக்கு அழுகை நின்றுபோயிற்று. வீட்டைப் பெருக்கினான். பாத்திரங்களைக் கழுவி உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தான். வண்டிக்கொட்டகைக்குப் போய் பேஸை நிமிர்த்தி வாசிக்க ஆரம்பித்தான். லெட்டி ஒரு சனிக்கிழமை பார்க்க வந்தபோது, எழுந்து ஃபிடிலை எடு என்றான். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் வாசித்தார்கள். அவன் பேச்சில் ஒரு குறையும் இல்லை. அவள் அம்மாவைப்பற்றி விசாரித்தான். வண்டி டயர் தேய்ந்திருக்கிறது, மாற்று என்றான். லெட்டி மனசு லேசாகி, போகிற வழியில் ரீத்தா வீட்டில் இறங்கினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச் விடுகிற நேரத்துக்கு முன்னாலேயே டெல்மரின் பிக்கப் வண்டி ஹோபர்ட் வீட்டு வாசலில் வந்து நின்றது. ரீத்தா இறங்கினாள். சர்ச்சுக்குப் போட்ட கறுப்பு உடுப்பு, காலில் ரப்பர் பூட்ஸ். வராந்தாவில் நின்றிருந்த அண்ணனைத் தாண்டி நேரே உள்ளே போனாள்.

"சாவியைக் குடு," என்றாள் இரும்பு அலமாரிக்கு முன்னால் நின்று.

"ரீத்தா..."

"டெல்மரோடது மூணு இன்னும் உள்ள இருக்கு. உன்னோடது எத்தனை?"

"அஞ்சு. எதுக்கு?"

"நேத்து லெட்டி வந்தா. அண்ணன் தேறிட்டாரு ரீத்தாக்கான்னா. அவ்வளவு நிதானமா, அவ்வளவு அருமையா வாசிச்சாருன்னா. சொல்லிட்டு சந்தோஷமா ஒரு கப் காப்பி குடிச்சுட்டுப் போனா." அவள் கையை நீட்டினாள். "கடைசியா ஒத்திகை முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்போ அவரும் இப்படித்தான் நிதானமா இருந்தாரு. நேத்து ராத்திரி முழுக்க நான் கண்ணை மூடல. சாவி."

அவன் பெல்ட்டிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றிக் கொடுத்தான். அவள் திறந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, திறந்து பார்த்து, கட்டில் விரிப்பில் சுற்றினாள். அப்பாவிடம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கற்றுக்கொண்டார்கள். அவள் கை பிசகவில்லை. இந்தத் தடவை எதையும் யாரும் மறைக்கவில்லை. பட்டப்பகலில் இரண்டிரண்டாகக் கையில் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தாள். எதிர்வீட்டுக்காரன் சர்ச்சிலிருந்து வந்தவன், கார் கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றான்.

"பார்த்துக்கோ," என்று கத்தினாள் அவனிடம். "எங்கண்ணன் துப்பாக்கியை நான் எடுத்துட்டுப் போறேன். யார் கேட்டாலும் சொல்லு."

அவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டான்.

கடைசிச் சுமையை வைத்துவிட்டு ரீத்தா வராந்தாப் படியில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. ஹோபர்ட் நின்றுகொண்டே இருந்தான்.

"உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத," என்றாள். "மன்னிக்கல. ஒரு போன். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் அண்ணே? காலையில எந்திரிச்சா முதல்ல அதுதான் ஞாபகம் வருது, அப்புறம்தான் அவரே ஞாபகம் வர்றாரு. அதுக்காகவே உம்மேல எனக்குக் கோவம். ஆனா இன்னொரு தடவை அந்த முன்வரிசையில போய் உட்கார என்னால ஆகாது. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். அவருகிட்ட நான் ஒரு தடவைகூட வாயைத் திறந்து கேட்டதில்ல. கேட்டா அந்த நினைப்பு இன்னும் கெட்டிப்பட்டுடும்னு பயந்துட்டு, சூப் வேணுமா, ரொட்டி வேணுமான்னே கேட்டுக்கிட்டு இருந்தேன். அதனால உங்கிட்ட கேக்கறேன். உனக்கு அந்த நினைப்பு இருக்கா?"

ஹோபர்ட் ஓடைப்பக்கம் பார்த்தான். எதிர்வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்தான். இல்லை என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது.

"இருக்கு," என்றான்.

அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். ரீத்தா அவனைத் தொடவில்லை. இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டு, அன்றைக்குப் போனில் அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள். அவனும் அழுதான். வெகுநேரம் கழித்து அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்கு அந்த டாக்டர்கிட்ட போறோம். ஒன்பது மணிக்கு வர்றேன், சவரம் பண்ணிட்டு இரு. நாளையிலேர்ந்து தினமும் காலையில ஆறு மணிக்கு எனக்குப் போன் பண்ணு. பேஸை வாசிச்சுக் காட்டாத. நீ எவ்வளவு நல்லா வாசிச்சாலும் எனக்கு வேணாம், யாரு வந்து சொன்னாலும் நான் நம்பப் போறதில்ல. வாயைத் திறந்து சொல்லு. நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு, இல்லாட்டி இல்லன்னு."

"கோவமா இருக்கறவகிட்ட என்னத்தைச் சொல்றது?"

"கோவமாத்தான் கேப்பேன். ஆனா எடுப்பேன்."

வண்டி திரும்பி மண் பாதையில் இறங்கிப் போகும்வரை அவன் படியிலேயே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை ஆறு அடிக்கக் கால் மணி இருக்கும்போதே அவன் போன் பண்ணிவிட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லு."

"நல்லா இல்ல ரீத்தா."

"சரி," என்றாள். நாற்காலியை இழுத்துப்போடுகிற சத்தம் கேட்டது. "உக்காந்துட்டேன். சொல்லு."